லட்சத்தில் ஒருவரின் மனைவி

ஆட்டின் வாய்க்குள் கையை விட வேண்டாம் என்று செல்லக்கிளி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போதாக்குறைக்கு ஆட்டின் இரண்டு தாடைகளையும் தன் கையாலேயே பிளந்து பிடித்துக்கொண்டு, "இன்னும் உள்ள விட்டுப் பாருங்க" என்று வேறு சொன்னாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில், மழை பெய்தால் விதைப்பதும் பெய்யாவிட்டால் ஆட்டை நம்பிப் பிழைப்பதுமாக இருக்கிற ஊர் அது. வெயில் காலத்தில் வெள்ளாடுகளுக்குக் கருவை மரத்தின் முற்றிய காயான நெத்துதான் சாப்பாடு. காய்ந்த நெத்து சில நேரம் தொண்டையில் குறுக்கே நின்றுவிடும். ஆடு எச்சில் ஒழுக்கும், இரை எடுக்காது, கத்தினால் குரல் கம்மும். வாயைப் பிளந்து கையை விட்டு எடுத்துப் போட்டால் அடுத்த நிமிடமே தழை கடிக்கும். ஊரில் ஆடு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த வைத்தியம் இது. அவர்களுடைய புள்ளி ஆடும் ஒரு நாளாக எச்சில் ஒழுக்கியது, இரை எடுக்கவில்லை, குரல் கம்மியிருந்தது. அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

அவள் புருஷன் இருளாண்டி வலது கையை மணிக்கட்டு வரை விட்டுத் துழாவினார்.

"ஒண்ணும் தட்டுப்படலையே கிளி" என்றபடி கையை உருவினார். நடுவிரலிலும் அதற்கடுத்த விரலிலும் ரத்தம். ஆட்டின் ரத்தம் என்று அவள் நினைத்தாள். கழுவின பிறகும் ரத்தம் வந்தது. கடைவாய்ப் பல் கிழித்திருக்கிறது, மனிதருக்கு அது தெரியவே இல்லை. அவர் விரல் நுனிகளுக்கு நான்கு வருடமாகச் சுரணை கிடையாது. செல்லக்கிளியின் கைக்குச் சுரணை உண்டு. ஆனால் விறகு வெட்டி வெட்டி அதில் எப்போதும் பத்து முள் கீறல் இருக்கும், பதினொன்றாவதை யார் பார்த்தது. ஆட்டின் எச்சில் அவளுடைய முழங்கை வரை வழிந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஆடு கட்டுத்தறியைக் கடித்தது. குட்டியை முட்டியது. செவ்வாய்க்கிழமை காலையில் காலை உதறிக்கொண்டு செத்துப்போனது.

வேறொரு வீட்டு மாட்டுக்கு மருந்து கொடுக்க வந்திருந்த மாட்டு டாக்டர் ஜெயக்குமார் எட்டிப் பார்த்தவர், ஆட்டைத் தொடாமலேயே நின்று கேட்டார்.

"இத நாய் ஏதும் கடிச்சுச்சா?"

கடித்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால், தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் மேய்ந்துகொண்டிருந்தபோது எங்கிருந்தோ வந்த நாய் ஒன்று பின்னங்காலைக் கவ்வியது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினார்கள், புண் ஆறிவிட்டது. புண் ஆறினால் கதை முடிந்தது என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். டாக்டர் ஆட்டை ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். யாராவது வாய்க்குள் கையை விட்டீர்களா என்று கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"ரெண்டு பேரும் இன்னைக்கே திருச்சுழி ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கேன்னா இன்னைக்கு. வெறிநாய்க்கடி ஊசி போட்டாகணும்."

இருளாண்டி சிரித்தார். தொண்டையில் துளை போட்டு மூடின தழும்பு அவருக்கு உண்டு. சிரித்தால் அந்த இடத்திலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வரும்.

"ஊசியா? எனக்கா?" என்றார். கம்பை ஊன்றி எழுந்து, வலது காலை இழுத்துக்கொண்டு, மற்ற ஆடுகளைப் பத்திக்கொண்டு போய்விட்டார். செல்லக்கிளி அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாயில்லை.

வாயில்லாமல் போன கதை இரண்டாயிரத்து இருபத்தொன்று ஆகஸ்டு மாதத்தில் ஆரம்பித்தது. கொரோனா ஊசி போடுகிறவர்கள் ஊருக்கு வந்தாலே அப்போது பாதி ஊர் காணாமல் போய்விடும். அதனால் அவர்கள் நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க்கரைக்கே வந்து மேசையைப் போட்டுவிட்டார்கள். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். இருளாண்டி ஆடு மேய்க்கிற சாக்கில் கருவைக் காட்டுக்குள் புகுந்துகொண்டார். வைரம் பாய்ந்த கட்டை மாதிரி இருந்த மனிதர், சொசைட்டிக் கடையிலிருந்து ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் வைத்து ஒரே மூச்சில் வீடு வந்து சேருகிறவர், ஒரு சின்ன ஊசிக்குப் பயந்து புதருக்குள் உட்கார்ந்திருந்தார். ஊரே சிரித்தது. செல்லக்கிளிக்கு மானம் போயிற்று. கரையில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏங்க! ஆடு ஐயாத்துரை பருத்தியில விழுந்துருச்சுங்க! ஓடியாங்க!"

ஆடு ஐயாத்துரையின் பருத்திக் காட்டுக்குள் இறங்கி மேயவே இல்லை. அவர் அடித்துப் பிடித்து ஓடி வந்தார். வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து மேசைக்கு முன்னால் உட்கார வைத்தாள். அன்றைக்கு அந்த இடத்தில் ஐம்பத்தெட்டுப் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஐம்பத்தேழு பேருக்கு ஒரு நாள் காய்ச்சலோடு போயிற்று. அந்த ஐம்பத்தேழில் செல்லக்கிளியும் ஒருத்தி.

பன்னிரண்டாம் நாள் காலையில் எழுந்த இருளாண்டி, பாதம் மதமதவென்று இருக்கிறது என்றார். பஞ்சில் நடக்கிற மாதிரி இருக்கிறதாம். மதியம் முழங்கால் மடங்கியது. மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மூச்சு விடவே மிஷின் வேண்டியிருந்தது. உடம்பே தன் நரம்பை எதிரி என்று நினைத்து அடிக்கிற வியாதி என்று டாக்டர் சொன்னார். இந்த ஊசியால் வந்ததா என்று கேட்டாள். வந்திருக்கலாம், வயிற்றுப்போக்கோ சளியோ வந்தாலும் இது வரும், உறுதியாகச் சொல்ல முடியாது, ஊசியால் என்றால் லட்சக்கணக்கான பேரில் ஒருத்தருக்கு வருவது என்றார். பொய் சொல்லாத மனிதர். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது? யாரைத் திட்டுவது? திட்டுவதற்குக் கைக்கெட்டிய தூரத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

அறுபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் வீட்டில் ஒரு வருடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். கஞ்சியைக் கரண்டியால் ஊட்ட வேண்டும். மலம், மூத்திரம், துணி, எண்ணெய், வெந்நீர். வளர்ந்த ஆம்பளையின் தொடையைத் தூக்கி மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒரே மகள் பாண்டீஸ்வரி அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள், மாதத்தில் ஒரு ஞாயிறு வந்துபோவாள். மற்ற நாளெல்லாம் செல்லக்கிளிதான். பிள்ளைக்குச் செய்வது மாதிரி செய்கிறாள் என்று ஊர் மெச்சியது. மெச்சுகிறவர்களில் ஒருத்தராவது ஒரு மதியம் வந்து உட்கார்ந்து, நீ போய்க் கொஞ்சம் கண்ணை மூடு என்று சொன்னது கிடையாது. நான்கு வருடத்தில் அவள் ஒரு தூக்கம் முழுசாகத் தூங்கவில்லை. இப்போது அவர் நடக்கிறார், ஆடு மேய்க்கிறார், சட்டைப் பொத்தான் மட்டும் அவள்தான் போட்டுவிட வேண்டும். ஆனாலும் அவர் இருமினால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். உடம்பு அப்படிப் பழகிப்போயிற்று.

அப்படிப்பட்டவள் எந்த முகத்தோடு போய், ஊசி போடுங்கள் என்று மறுபடியும் சொல்வாள்?

பாண்டீஸ்வரி போனில் அழுதாள். "நீ சொன்னாத்தாம்மா அப்பா கேப்பாரு."

"ஒருக்கா சொன்னேன், கேட்டாரு. பத்தாதா?" என்று செல்லக்கிளி போனை வைத்துவிட்டாள்.

மாட்டு டாக்டர் சொல்லி, வியாழக்கிழமை கிராம நர்ஸ் அனுசியா வண்டியைப் போட்டுக்கொண்டு வந்தாள். முப்பது வயதுப் பெண், வெயிலில் அலைந்து அலைந்து கறுத்துப்போனவள், பொறுமைசாலி. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த இருளாண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். விரலைப் பார்த்தாள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொன்னாள். ஏற்கெனவே நான்கு நாள் ஆகிவிட்டது, இனிமேலும் தள்ளக்கூடாது என்றாள்.

"மாமா, அது வேற ஊசி, இது வேற ஊசி. அப்ப வந்தது லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது. இந்த வெறிநாய்க்கடி வந்துச்சுன்னா நூத்துக்கு நூறு உசுரு போயிரும். தண்ணியப் பாத்தாலே தொண்டை இழுத்துக்கிட்டு, பாக்கவே சகிக்காது. ரெண்டையும் தராசுத் தட்டுல வச்சுப் பாருங்க."

இருளாண்டி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அந்த லட்சத்துல ஒருத்தன் நான்தான தாயி."

அனுசியா தலையைக் குனிந்துகொண்டு கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடினாள். அவருக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, ஒண்ணு செய்வோம். அவளும்தான ஆட்டு வாயப் பிடிச்சா. அவ மொதல்ல போட்டுக்கிரட்டும். அவளுக்கு என்னமும் வருதான்னு பாப்போம். பன்னெண்டு நாள். எனக்குப் பன்னெண்டாம் நாள்தான் கால் விழுந்துச்சு. அவ கால் நின்னுச்சுன்னா பதிமூணாம் நாள் நான் போட்டுக்கிறேன். சத்தியமா போட்டுக்கிறேன்."

"பன்னெண்டு நாள் காத்திருக்கக் கூடாது மாமா! அதத்தான இம்புட்டு நேரமாச் சொல்றேன்!" அனுசியா கத்தியே விட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நியாயமான பேரம் பேசி முடித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. தண்ணீர் ஆழம் பார்க்க ஆட்டை முன்னால் விடுகிற புத்தி. அதில் பொண்டாட்டியை முன்னால் விடுகிறோமே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லையா என்று செல்லக்கிளிக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதைக் காட்டிக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் மட்டும் திருச்சுழிக்குப் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நாய் கடித்த ஒரு சின்னப்பிள்ளையைத் தாய் மடியில் வைத்திருந்தாள். பிள்ளை வரிசை வருவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டது. செல்லக்கிளி சுவரில் தலையைச் சாய்த்தாள்.

தலை சாய்ந்ததும் அந்த நினைப்பு வந்தது. அவராக வேண்டாம் என்கிறார். நான்கு பேர் அறியத்தான் மறுக்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் யாரும் அவளைக் கேட்க முடியாது. அதற்கப்புறம் இருமல் சத்தம் கேட்காது. அதற்கப்புறம் படுத்தால் விடியும் வரை தூங்கலாம். தூக்கம் என்று நினைத்ததுமே உடம்பெல்லாம் தளர்ந்து ஒரு சுகம் பரவியது. அந்தச் சுகம்தான் அவளை உலுக்கி எழுப்பியது. ச்சீ என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாராவது பார்த்துவிட்டார்களா என்பது போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிள்ளையின் தாய் அவளைப் பார்த்து, "தலை சுத்துதாக்கா?" என்றாள்.

"இல்லத்தா. அசதி" என்றாள் செல்லக்கிளி.

அப்போது இன்னொன்று அவளுக்கு உறைத்தது. இன்றைக்கு அவள் போட்டுக்கொண்டால் இன்றைக்கே அவருடைய பன்னிரண்டு நாள் ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு நாளும் அவள் காலைப் பார்த்துக்கொண்டு அவர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அவள் போட்டுக்கொள்ளாத வரைக்கும் அவருக்கு எண்ணுவதற்கு ஒன்றும் கிடையாது. பெயரைக் கூப்பிடும்போது அவள் எழுந்து வாசலுக்கு நடந்தாள். படித்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் முப்பது வருடமாக அந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு அதுதான் சரியென்று பட்டது.

வீட்டுக்கு வந்தபோது மதியம் பன்னிரண்டு. இருளாண்டி கட்டிலில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டாச்சா? இங்க வா, கால நீட்டு. மதமதன்னு இருக்கா?"

"போடலை."

"மருந்து இல்லன்னுட்டாகளா?"

"மருந்தெல்லாம் இருக்கு. நான்தான் போடலை. நீங்க போடாம நான் போடுறதா இல்லை."

அவர் கம்பைத் தேடினார், அது கீழே உருண்டது. "கிறுக்குக் கழுதை! உனக்கு அந்த வெறி வந்துச்சுன்னா? நீ நல்லாத்தான இருக்க, உனக்கு என்ன கேடு வந்துச்சு போடாம இருக்க? நான் போடலைன்னா எனக்கு ஒரு காரணம் இருக்கு!"

"எனக்கும் இருக்கு."

"என்னத்த இருக்கு?"

நான்கு வருடமாகத் தொண்டையில் குறுக்கே கிடந்ததை அவள் அப்போதுதான் எடுத்து வெளியே போட்டாள். "ஆடு பருத்தியில விழுகலைங்க. அன்னைக்கு நான் பொய் சொல்லித்தான் உங்களக் கூப்பிட்டேன். பொய்யச் சொல்லி உங்களக் கூட்டியாந்து இந்தக் கதியில உக்கார வச்சது நான்தான். இப்ப எந்த வாயால நான் சொல்ல? எந்த வாயாலயும் சொல்ல மாட்டேன். நீங்க எங்கயோ நானும் அங்க."

இருளாண்டி உருண்ட கம்பைக் குனிந்து எடுத்தார். பிறகு சொன்னார்:

"பொய்யின்னு தெரியும்."

"என்ன தெரியும்?"

"அப்ப இருந்த ரெண்டு ஆடும் எங்கூடத்தான் புதருக்குள்ள படுத்துக் கெடந்துச்சு. நீ கரையில நின்னு அந்தக் கத்துக் கத்துற. ஊரே சிரிக்குது. எனக்கு ஒரு மாதிரியா ஆயிப்போச்சு. சரி, வந்து தொலைவோம்னு வந்தேன். நானாத்தான் வந்தேன் கிளி."

அவள் அவரைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்தாள். நான்கு வருடம். ஒவ்வொரு தடவை அவரைப் புரட்டும்போதும் மனசுக்குள் சொன்ன மன்னிப்பு. கோயிலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. யாரும் இல்லாதபோது தலையில் அடித்துக்கொண்டது. அத்தனைக்கும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, அத்தனையையும் பார்த்துக்கொண்டு, இந்த மனிதர் இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவளுக்கு வந்த கோபத்தில் கண்ணே இருட்டியது.

"ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை ஏன்யா சொல்லலை?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை 'யா' போட்டுப் பேசியதில்லை. அவர் தன் சுரணையில்லாத விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ உன் குத்தம்னு நெனச்சுத்தான என்னைய அப்பிடிப் பாத்த. குத்தமில்லைன்னு சொன்னா விட்டுட்டுப் போயிருவியோன்னு பயந்துட்டேன். எந்திரிச்சு நடந்த பெறகு சொல்லலாம்னு இருந்தேன். பெறகு சொல்ல வெக்கமாப் போச்சு."

குற்றத்துக்காகத்தான் பார்த்தேனா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். தெரியவில்லை. பீயை அள்ளும்போது யார் அதையெல்லாம் பிரித்துப் பார்த்தது. அழுகையும் வரவில்லை, கோபமும் வந்த வேகத்தில் வடிந்துபோனது. மிச்சம் இருந்தது அசதி மட்டும்.

"சரி, அதான் இப்பத் தெரிஞ்சுபோச்சே. என் மேல குத்தமில்ல. இனி எனக்கு வாயிருக்கு" என்றாள். "கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மாட்டேன்."

"சாகுறதுக்குப் பயமில்லையா உங்களுக்கு?"

"சாவுக்கு என்ன, அது ரெண்டு நாள்ல முடிஞ்சுரும். திரும்பவும் அப்பிடிக் கெடையில விழுந்தா? உன் மூஞ்சிய நீ கண்ணாடியில பாக்குறியா கிளி? எலும்பாப் போயிட்ட. இன்னொருக்கா உன்னைய அள்ள வைக்கிறதுக்குப் பதிலா நான் ரெண்டு நாள்ல செத்துப் போறேன். உன்னாலதான் ஏலுமா? நெசத்தச் சொல்லு."

பெஞ்சில் வந்த நினைப்பு அவளுக்கு முன்னால் வந்து நின்றது. அவரிடம் அவள் ஒருமுறை பொய் சொல்லியிருக்கிறாள், அது போதும்.

"ஏலாது" என்றாள். "நெசமா ஏலாது. இன்னொரு வருசம் அப்பிடின்னா என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியலை. நீங்க செத்தாத் தேவலைன்னுகூட இன்னைக்குக் காலையில அங்க உக்காந்து நெனச்சேன். போதுமா?"

அவர் தலையை ஆட்டினார். அடிபட்ட மாதிரியும் இல்லை, ஆச்சரியப்பட்ட மாதிரியும் இல்லை. "அதான் சொல்றேன்" என்றார் மெதுவாக.

"ஏலாதுன்னுதான சொன்னேன். செய்ய மாட்டேன்னு சொன்னேனா? மொதத் தடவை மட்டும் ஏலுச்சா? ஒரு நாளும் ஏலலை. ஏலாமத்தான் செஞ்சேன்." எழுந்து சேலையை உதறினாள். "நீங்க செத்து எனக்குச் செய்யிற நல்லது வேண்டாம். நீங்க தண்ணி குடிக்க மாட்டாமச் சாகுறத என்னால பாக்க ஏலாது, அதையுந்தான் சொல்றேன். ஒரு மணி பஸ்ஸு வந்துரும். சட்டையக் குடுங்க, பொத்தான் போட்டு விடுறேன்."

இருளாண்டி கொடியில் கிடந்த பழைய சட்டையைப் பார்த்தார்.

"அந்த ஊதாச் சட்டைய எடு" என்றார். "இதுல கையி கிழிஞ்சிருக்கு."

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயது. ஏற்கெனவே ஊசி எதற்காவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டதும், செல்லக்கிளி வாயைத் திறப்பதற்குள் இருளாண்டியே எல்லாவற்றையும் சொன்னார், பன்னிரண்டாம் நாள், மதுரை, மிஷின், அறுபத்து மூன்று நாள். மஞ்சள் பையிலிருந்து மதுரை டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா இரண்டு பக்கமும் படித்தாள். யாரிடமோ போனில் ஐந்து நிமிடம் பேசினாள். இருளாண்டி கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இப்போது அவருக்கே பயம் வந்துவிட்டது போல.

"ஐயா, திரும்ப வரவே வராதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது" என்றாள் டாக்டரம்மா. "வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா இந்த ஊசி போடாம விட்டா என்ன ஆகும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியும். அதனால போடுவோம். கால் கை மதமதப்பு, நடக்கையில தடுமாற்றம், எது வந்தாலும் அந்த நிமிசமே இங்க வரணும். வீட்ல உக்காந்து எண்ணெய் தேய்க்கக் கூடாது."

"அது அவளுக்குத் தெரியும்" என்றார் இருளாண்டி.

காயத்தைச் சுற்றிப் போடுகிற ஊசி விரலில் குத்தும்போது உயிர் போகும் என்று நர்ஸ் முன்கூட்டியே சொன்னாள். இருளாண்டி விரலை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். "இந்த விரலுக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றார். செல்லக்கிளிக்குத் தெரிந்தது. உள்ளங்கைக் கீறல்களைச் சுற்றிக் குத்தும்போது அவள் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுடைய இன்னொரு கையை இருளாண்டி பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் மறுபடியும் வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

நரிக்குடி பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டு கிடைத்தது. ஜன்னல் பக்கம் செல்லக்கிளி. பஸ் கிளம்பி ஊரைத் தாண்டியதும் அனல் காற்று அடித்தது. இன்றைக்கு ஒன்றாம் நாள் என்று அவள் எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டாம் நாள் என்ன கிழமை வருகிறது என்று விரல் விட்டுப் பார்த்தாள். செவ்வாயா, புதனா என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு எந்த இடத்தில் கண் மூடியது என்றே தெரியவில்லை.

விழித்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. வெளியே டீக்கடை, வரிசையாக ஷேர் ஆட்டோக்கள், நரிக்குடி என்று எழுதின போர்டு. அவர்கள் ஊருக்குத் திரும்புகிற விலக்கைத் தாண்டி எவ்வளவோ நேரமாகியிருக்கிறது. அவள் தலை இருளாண்டியின் தோளிலிருந்து சரிந்து தொடைக்கு வந்திருந்தது. முந்தானை ஓரத்தில் எச்சில் வழிந்திருந்தது. அவர் ஆடாமல் அசையாமல், கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நம்ம விலக்குல எழுப்பக் கூடாதா? கண்டக்டராச்சும் சொல்லலையா?"

"சொன்னாரு. நான்தான் வேண்டாம்னு நரிக்குடிக்கு டிக்கெட்ட மாத்திக்கிட்டேன்."

"எதுக்கு?"

அவர் எழப் பார்த்தார். எழ முடியவில்லை. வலது கால் மடங்கிச் சீட்டிலேயே விழுந்தார். செல்லக்கிளி குனிந்து அவர் முழங்காலைப் பிடித்தாள், பாதத்தைப் பிடித்தாள், அவள் கையில் ஊசி போட்ட இடத்தில் சுற்றியிருந்த கட்டு அவிழ்ந்து தொங்கியது.

"என்னங்க? என்ன செய்யுது? மதமதன்னு இருக்கா? சொல்லுங்க!"

"இருக்கு" என்றார் இருளாண்டி. "இருக்காம என்ன செய்யும்? முக்கா மணி நேரமா அது மேலதான தலைய வச்சு ஒறங்குன. கொஞ்சம் பொறு, ரத்தம் ஓடட்டும்."

அவள் அந்தக் காலை விடவில்லை. பஸ்ஸின் தரையில் உட்கார்ந்து, ஊசி போட்ட கையாலேயே தொடையிலிருந்து பாதம் வரை நீவிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் பெருவிரலை அசைத்தார், பிறகு மற்ற விரல்களையும். அசைகிறது என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கண்டக்டர் வந்து, இதே பஸ் திரும்பிப் போக இன்னும் இருபது நிமிடம் ஆகும், இறங்கி டீ குடிப்பதென்றால் குடித்துவிட்டு வரலாம் என்றார்.

"இல்லய்யா" என்றார் இருளாண்டி. "இருபது நிமிசமிருந்தா அவ இன்னுங்கொஞ்சம் ஒறங்கட்டும்." பிறகு இடது தொடையைத் தட்டிக் காட்டி அவளிடம் சொன்னார்: "இந்தப் பக்கம் படு."